காவிப்பல்லும் வெனீரும்: ஒரு தண்ணீர் வரலாறு

பல்லைப் பற்றித் தமிழில் வழங்கும் பேச்சுகளை மட்டும் தொகுத்தாலே ஒரு சிறு நூல் ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, பல்லை இளிப்பது, பல் போனால் சொல் போச்சு என்பது, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது என்று எத்தனையோ உண்டு. பழம்புலவர்கள் பெண்களின் பல்லை முல்லை அரும்புக்கும் முத்துக்கும் ஒப்பிட்டார்கள். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறிய பல குடும்பங்களில் முல்லை அரும்பு எல்லாருக்கும் வாய்க்கவில்லை. பழுப்பும் கறுப்புமாகக் கோடு விழுந்த பல்தான் வாய்த்தது. எங்கள் வீட்டில் அதற்குக் காவிப்பல் என்று பெயர். அந்தக் காவிப்பல்லின் வரலாற்றையும், இன்று அதை மறைக்க ஒட்டப்படும் வெனீர் என்னும் மெல்லிய ஓட்டின் வரலாற்றையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மவர் வீடுகளில் இன்னும் கூச்சத்தோடு பேசப்படும் செய்தி இது என்பதால் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா 1957இல் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்போது அது சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965இல்தான். அண்ணன் 1961இல் அதே ஊரில் பிறந்தவர். 1966இல் அப்பா ராணுவக் குடியிருப்பு ஒன்றில் தோட்டவேலை கிடைத்து நீலசந்திராவுக்கு வந்தார். 1809இல் பெங்களூரில் தண்டுப் பகுதி அமைந்ததிலிருந்து ஆர்க்காடு, சேலம் சீமைகளிலிருந்து இப்படி வந்துகொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் 1967இல் இங்கே பிறந்தவன்.

மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். அக்காவுக்கு வாய் முழுக்கக் காவி. அண்ணனுக்கு முன்பல்லில் காவி உண்டு, பக்கத்துப் பற்களில் குறைவு. எனக்குச் சுத்தமாக இல்லை. ஒரே அப்பா அம்மா, ஒரே சோறு, ஒரே பல்பொடி. "சின்னவன் பல்ல மட்டும் பாரு, அரிசி மாதிரி" என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லுவார்கள். அக்கா அந்த இடத்தை விட்டு உள்ளே போய்விடுவார்.

அக்காவின் பல்லைத் தேய்க்காத பொருள் கிடையாது. சாம்பல், அடுப்புக்கரி, உப்பு, சலித்த செங்கல் பொடி, கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி நஞ்சன்கூடு பல்பொடி. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் ஊரிலிருந்து வரும். எதற்கும் மசியவில்லை. 1975 வாக்கில் ஒரு திருவிழாக் கடையில் உட்கார்ந்திருந்த ஆள் ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து இரண்டு பல்லை வெளுத்துக் காட்டினான். நாலு நாள் வெள்ளையாக இருந்தது. பிறகு காவியும் திரும்பி வந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும் கூச்சமும் கூடவே வந்து தங்கிவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒரு அம்மாள் நேராகவே கேட்டார்: "பொண்ணு பொகையிலை போடுமா?" மூன்றாவதாகப் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு காப்பி கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் முகவாயை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுப் பல்லுதானே" என்று தன் காவிப்பல் தெரியச் சிரித்துத் தட்டை வாங்கிக்கொண்டார். மாமாவுக்கும் அதே பல்தான். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் உதட்டை இறுக மூடியிருப்பார்கள்.

இது என்ன நோய், யாருக்கு வரும், ஏன் ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போகிறது என்னும் கேள்விகள் எங்கள் வீட்டுக் கேள்விகள் மட்டும் அல்ல. உலகமே முப்பது ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள் இவை.

புலம்பெயர்ந்தோரைப் பற்றிய மலரில் குறிப்பிட்டே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பல்லைப் பற்றி வந்த முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று, புலம்பெயர்ந்து போனவர்களின் வாயைப் பார்த்து எழுதப்பட்டது. 1901இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஏழைகளைப் பரிசோதித்த ஈகர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் பலருக்குப் பல் கறுத்தும் பழுத்தும் இருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். குறிப்பிட்ட வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே அது இருந்தது. கடல் தாண்டிப் போனாலும் ஊரின் முத்திரை அவர்கள் வாயிலேயே போயிற்று.

அதே 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்கள் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டு திகைத்தார். பன்றிக்கறி தின்பதால், பால் மட்டமாக இருப்பதால் என்று ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். மெக்கே விடவில்லை. அன்றைய அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பெரியவர் ஜி.வி. பிளாக்கும் 1909 முதல் 1915இல் தாம் இறக்கும்வரை அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை. கறை விழுவது பல் உருவாகும் சிறு வயதில் மட்டுமே. வளர்ந்தபின் அந்த ஊருக்கு வந்தவர்களுக்குக் கறை வருவதில்லை. இன்னொன்று, கறைப்பல் எளிதில் சொத்தை ஆவதில்லை.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து தாய்மார் மெக்கேயை அழைத்தார்கள். ஐந்து மைல் தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டபின் தங்கள் பிள்ளைகளின் பல் கெட்டுவிட்டது என்பது அவர்களுடைய புகார். மெக்கே தண்ணீரைச் சோதித்தார். அன்றைய சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்குப் போங்கள் என்றார். போனார்கள். சில ஆண்டுகளில் புதிதாகப் பல் முளைத்த பிள்ளைகளுக்குக் கறை இல்லை. என்ன காரணம் என்று தெரியாமலே நோயைத் தீர்த்த அந்தத் தாய்மாரின் தெளிவு எனக்கு ஆய்வாளர்களின் தெளிவைவிடப் பெரிதாகப் படுகிறது.

காரணம் அகப்பட்டது 1931இல். ஆர்க்கன்சா மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊர் அலுமினியக் கம்பெனியான அல்கோவாவின் சொந்த ஊர். அங்கும் பிள்ளைகளுக்குப் பல் கறை. அலுமினியம்தான் காரணம் என்று பெயர் வந்துவிடுமோ என்ற கவலையில் கம்பெனியின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் அந்தத் தண்ணீரை நுணுக்கமாக ஆராய்ந்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. கம்பெனி தன் பெயரைக் காத்துக்கொள்ளச் செய்த சோதனை உலகத்துக்கு விடை கொடுத்தது.

ஆறே ஆண்டுகளில் அந்த விடை நம் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது. மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், இன்று ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டம் இருக்கும் பக்கத்தில், உழவுமாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் போவதை 1930களில் உழவர்கள் கண்டார்கள். மனிதர்களுக்கும் முதுகும் கழுத்தும் விறைத்தன. பல்லில் காவி. கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கவென்று தொடங்கப்பட்ட கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவரும் ஆராய்ந்து, கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடே காரணம் என்று 1937இல் இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் எழுதினார்கள். இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோயை நிறுவிய முதல் ஆய்வு அதுவே. இந்த ஷார்ட்தான் பின்னாளில், 1948இல், மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்து வளர்வதைக் கார்ன்ஹமுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். பெரிய மனிதர்கள் பார்த்துச் சொன்ன நோய்தான்.

ஆக, அக்கா பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சென்னைப் பட்டணத்தில் விடை அச்சாகிவிட்டது. அந்த விடை எங்கள் ஊர்க் கிணற்றங்கரைக்கு வந்து சேரவில்லை. செங்கல் பொடிதான் வந்து சேர்ந்தது.

இனி, ஒரே வீட்டில் மூன்று விதமான பல் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பூமி கருங்கல் பூமி. அந்தக் கல்லில் உள்ள சில கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. மழை குறைந்த நிலத்தில் தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் கிடக்கும்போது அது கரைந்து சேர்கிறது. பார்வைக்குத் தெளிவு, வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்றும், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5வரை பொறுக்கலாம் என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. பல்லின் மேல்தோடான எனாமல், பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடும். நிலைத்த முன்பற்களின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் முடிகிறது. பக்கத்துச் சிறு கடைவாய்ப் பற்களுக்கு ஏழு வயதுவரை ஆகும். ஞானப்பல்லை விட்டுவிட்டால் எட்டு வயதோடு கணக்கு முடிந்தது. அந்த ஆண்டுகளில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைத்தபின் அந்தத் துளைகளில் நிறம் ஏறிக் காவியாகிறது.

அக்கா ஊரைவிட்டு வந்தபோது வயது ஒன்பது. எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனுக்கு ஐந்து, முன்பல் முடிந்துவிட்டது, மற்றவை பாதியில் இருந்தன. நான் அர்க்காவதித் தண்ணீர் வந்த தெருக்குழாயில் வளர்ந்தவன். எங்கள் குடும்பம் எந்த ஆண்டு ஊர் மாறியது என்பதை ரேஷன் கார்டு இல்லாமலே எங்கள் பல்லை வைத்துச் சொல்லிவிடலாம்.

இதனால் தெரியவரும் முக்கியமான செய்தி: காவிப்பல் அழுக்கு அல்ல. தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்தது இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, பரம்பரையாகவும் வராது. பரம்பரையாக வருவது கிணறு மட்டும்தான். எங்கள் பெரியப்பாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார். வயசுக் கோளாறு என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம்.

நீலசந்திராவில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது இன்னொன்றும் தோன்றும். 1974இல் காவிரி பெங்களூருக்கு வந்தது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் போட்டு ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரைடு குறைந்த ஆற்றுத் தண்ணீர். அதே காவிரி கீழே இறங்கி ஒகேனக்கல்லில் விழுந்து தருமபுரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அந்த அருவியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தது. வெளியேறி வந்த நாங்கள் ஊர் ஆற்றைக் குடித்தோம்.

ஒகேனக்கல் தண்ணீரை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு வெகுகாலமாக இருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதங்களில் நடந்தவை இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். இங்கே போராட்டம் கிளம்பியது, தமிழ்ப்படம் ஓடிய தியேட்டர்கள் படத்தை நிறுத்தின, அங்கே பதில் போராட்டம், உண்ணாவிரதம். அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற நோயின் பெயர் இருந்தது என்பதை அன்று இரண்டு பக்கத்திலும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. அது ஆற்றுநீர்ப் பங்கீட்டுச் சண்டையாகவே காதில் விழுந்தது. சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்த திட்டத்தை 2013 மே மாதத்தில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அக்கா பல்லைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார். 2012இல் கடைவாய்ப் பல்வலி என்று ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அந்த இளம்பெண் வாயைத் திறந்து பார்த்ததும், "அம்மா, சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க, தருமபுரியா, கோலாரா?" என்றார். பிறகு தண்ணீர்க் கதையைச் சொன்னார். அக்காவுக்கு ஆறுதல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தது கோபம். "அப்ப எதுக்குடா அத்தனை செங்கப்பொடி?" என்று என்னிடம் கேட்டார், நான்தான் இடித்துக் கொடுத்தவன்போல. இறுகாத எனாமலைச் செங்கல் பொடி மேலும் தேய்த்திருந்தது என்பதையும் மருத்துவர் சொல்லவேண்டி வந்தது.

அங்கேதான் வெனீர் என்ற பேச்சு எழுந்தது. அக்கா சிரித்துவிட்டார். மாமா தச்சு வேலைக்காரர். ஒட்டுப்பலகைமேல் ஒட்டும் தேக்குத் தோலுக்குப் பட்டறையில் வெனீர் என்றுதான் பெயர். "அப்போ நீங்களே ஒட்டிவிட்டிருக்கலாமே" என்றார் மாமாவிடம். இரண்டும் ஒரே சொல்தான், ஒரே வேலைதான். மட்டமான பலகைமேல் மெல்லிய நல்ல தோல்.

பல்லில் இதைத் தொடங்கிவைத்தது சினிமா. 1920களின் இறுதியில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய ஓடுகள் செய்து முன்பல்மேல் பொருத்தினார். பல்செட் ஒட்டும் பசைப்பொடியால் ஒட்டுவது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அதோடு சாப்பிட முடியாது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பல் விழுந்த இடைவெளி திரையில் தெரியாமல் போனதும் இவருடைய கைவண்ணமே. நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் புவனகோர் என்பவர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சில விநாடி தொட்டால் அது சொரசொரப்பாகிப் பசை பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். 1960களின் தொடக்கத்தில் போவன் என்பவர் உறுதியான பிசின் ஒன்றை உருவாக்கினார். பல்லின் பக்கம் சரியாயிற்று. பீங்கான் பக்கம் வழுவழுப்பாகவே இருந்தது. 1983 வாக்கில் பீங்கான் ஓட்டின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறையை சைமன்சன், கலாமியா முதலியோர் வெளியிட்டபின்தான் இன்றைய பீங்கான் வெனீர் நிலைபெற்றது.

அந்த அமிலத்தின் பெயரைக் கவனியுங்கள். பாறையிலிருந்து கரைந்து வந்து அக்காவின் பல்லைக் கெடுத்த அதே ஃபுளோரின்தான், ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பல்லை மறைக்கும் பீங்கானை அரித்து ஒட்டவைத்தது. இதைச் சொன்னபோது மாமா மட்டும் ரசித்தார்.

அக்காவுக்கு மேல் வரிசை முன்பற்கள் ஆறு. நான்கு வெனீருக்குத் தகும். மிகவும் தேய்ந்துபோன இரண்டுக்கு முழுக் கேப் போட வேண்டும் என்றார் மருத்துவர். கீழ் வரிசை வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். ஒரு பல்லுக்கு ஆகும் செலவில் ஊரில் ஒரு போர் மோட்டார் வாங்கலாமே என்று மாமா கணக்குப் போட்டார். பல்லின் முன்முகத்தை அரை மில்லிமீட்டர் அளவு சீவி, அச்செடுத்து, பட்டறையில் ஓடு செய்து வரும்வரை தற்காலிக ஓடு ஒட்டி, மறுமுறை போகும்போது நிலையாக ஒட்டினார்கள். காவிப்பல்லில் இரண்டு சங்கடங்கள் உண்டு. அதன் மேல்தோடு அமிலத்துக்கு எளிதில் இளகாது. ஆகவே ஒட்டும்முன் கூடுதல் கவனம் வேண்டும். ஓடு மிக மெல்லியதானால் உள்ளிருக்கும் காவி நிழலாகத் தெரியும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது மிக வெளுப்பானதைக் காட்டினார்கள். அக்கா பழைய அரிசி நிறத்தில் ஒன்றைக் காட்டி, "இது போதும், ரொம்ப வெள்ளையா இருந்தா பல்செட்டுன்னு நெனப்பாங்க" என்றார். சரியான தேர்வு என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

நம்மவர் வீடுகளில் இப்போது இருபது வயதுப் பிள்ளைகளே இதைக் கேட்கிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லவேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. பீங்கான் ஓடு பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும். அதன்பின் மாற்றியே ஆகவேண்டும். இருபதில் ஒட்டினால் ஆயுளில் மூன்று நான்கு முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிசின் கலவையால் செய்யும் வெனீர் விலை குறைவு, ஆயுளும் குறைவு, நிறமும் மங்கும். காவி இலேசாக இருந்தால் வெனீருக்கே போகவேண்டாம். மேல்தோட்டை மிக நுண்ணிய அளவில் மெருகேற்றுவதும் வெளுப்பதும் போதும் என்று நல்ல மருத்துவர் சொல்லுவார். வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருந்தால் சும்மா விட்டுவிடுவதே மேல். பதினெட்டு வயதுக்குமுன் ஈறும் பல்லின் உள்நரம்பும் நிலைகொள்ளாது, அவசரப்படக் கூடாது.

ஒட்டியபின் பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மென்மையான பிரஷ், சொரசொரப்பில்லாத பேஸ்ட். பல்பொடி, உப்பு, கரி எதுவும் கூடாது; பீங்கானின் மெருகு போய்விடும். ஓடும் ஈறும் சேரும் இடத்தில்தான் சொத்தை நுழையும், அங்கே நூல்விட்டுச் சுத்தம் செய்வது அவசியம். கரும்பு, எலும்பு, கொட்டைப்பாக்கு, சீடை ஆகியவற்றை முன்பல்லால் கடிப்பது, நூலைப் பல்லால் அறுப்பது எல்லாம் நிறுத்தவேண்டியவை. வெற்றிலை போடுகிறவர்களுக்குப் பீங்கான்மேல் கறை அவ்வளவாகப் பிடிக்காவிட்டாலும் ஒட்டிய ஓரத்தில் சிவப்புக் கோடு விழும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் இரவு உறை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவமனைகளில் சொத்தை வராமல் தடவும் ஃபுளோரைடு ஜெல்லில் அமிலம் சேர்ந்த வகை ஒன்று உண்டு. அது பீங்கான் மெருகைத் தின்னும். வெனீர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அமிலம் சேராத வகையைத் தடவுவார்கள். அக்கா இரண்டாம் ஆண்டே ஒரு கல்யாண வீட்டில் முறுக்கைக் கடித்து ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டார். பிசின் வைத்து அடைத்தார்கள்.

விடுமுறைக்குக் குழந்தைகளை ஊருக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் அதை நீக்கும். ஒரு மாத விடுமுறையால் பல் கெடாது. பாட்டி வீட்டிலேயே விட்டு வளர்க்கும் கைக்குழந்தைகள் விஷயம்தான் வேறு.

சென்ற பொங்கலுக்கு அக்கா, மாமா, நான் மூவரும் ஊருக்குப் போயிருந்தோம். ஒகேனக்கல் குழாய் தெருவுக்கு வந்திருக்கிறது. கோடையில் தண்ணீர் குறைந்தால் பழைய போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்களாம். பங்காளி வீட்டில் இரண்டு பிள்ளைகள். பையன் 2006இல் பிறந்தவன், கல்லூரிக்குப் போகிறான், போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள்கிறான். தங்கை 2015இல் பிறந்தவள். அக்கா அவளைக் கூப்பிட்டு, முகவாயைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டைத் தூக்கி மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருந்தன, காவி இல்லை. அக்கா விடவில்லை, கடைவாய்ப் பக்கமும் பார்க்கவேண்டும் என்று இன்னும் திறக்கச் சொன்னார்.

"என்ன பாட்டி, சந்தையில மாடு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றாள் அவள்.